பந்து கொண்டு வந்தவர் யார்?

போன ஞாயிறு சுவீடனில் இருந்து என் தங்கை வசந்தியும் அவள் கணவர் யோகனும் பாரிஸுக்கு வந்திருந்தார்கள். வழக்கமான வருகைதான் — ஓல்னேயில் ஒரு கல்யாணம், பிறகு எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சுற்று. சுவீடனில் இருக்கும் எங்கள் சனம் லா சப்பலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? முருங்கைக்காயைக் கண்டால் கண் கலங்கும். பனங்கிழங்கு ஒடியல் மாவை மணந்து பார்ப்பார்கள். சூட்கேஸ் நிரம்பும் வரை ஒரு கடையையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

இந்த முறை யோகனின் கவனம் கடைகளில் இல்லை. "மச்சாள், எங்கையாவது இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பமே? உங்களிட்டை ஒண்டு காட்டவேணும்" என்றார்.

என்னைப் போல் எழுதுகிறவளிடம் சொந்தக்காரர் 'ஒண்டு காட்டவேணும்' என்றால் அது பெரும்பாலும் கவிதையாகத்தான் இருக்கும்.

கவிதை இல்லை... வரலாறு.

யோகன் வசிப்பது ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். ஒரு காகித ஆலை, ஒரு தேவாலயம், ஒரு விளையாட்டுக் கழகம். கழகத்தின் பெயரை யோகன் இரண்டு தரம் சொல்லித் தந்தார். சுளுக்கியது என் நாக்குத்தான். அந்தக் கழகத்துக்கு இப்போது பெரிய ஆண்டு விழா வருகிறது. புத்தகம் போடுகிறார்கள். ஒவ்வொரு விளையாட்டின் கதையையும் அந்தந்தப் பிரிவில் இருப்பவரே எழுத வேண்டுமாம். கரப்பந்தின், அதாவது வொலிபோலின், கதை யோகன் தலையில் விழுந்திருக்கிறது. முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு தானே சுவீடிஷில் மாற்றப் போகிறார். கொடுக்க வேண்டிய கடைசி நாள் திங்கள். அதாவது, மறுநாள்.

வடையும் தேத்தண்ணியும் வந்தன. யோகன் கழகத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து பனிச்சறுக்குக்காகத் தொடங்கிய கழகமாம். நல்லது. ஆனால் வசந்தம் வந்ததும் பனி உருகிவிடுகிறது. சறுக்குகிறவன் என்ன செய்வான்? உதைபந்து விளையாடினான். மறுபடி குளிர் வந்ததும் ஏரி உறைந்தது. ஆளுக்கொரு வளைந்த மட்டையோடு பனிக்கட்டி மேல் பந்தடிக்க இறங்கினார்கள். பிறகு மல்யுத்தம். ஆலையில் வேலை செய்த பெண்கள் 'மண்டபம் ஆம்பிளையளுக்கு மட்டுமோ?' என்று கேட்டு உள்ளே புகுந்தார்கள், ஹான்ட்போல் என்கிற கைப்பந்து பிறந்தது. நிலவறையில் மேசைப்பந்து. அதற்கும் மேல் ஒன்று — கையில் வரைபடத்தோடு காட்டுக்குள் ஓடி வழி கண்டுபிடிக்கிற போட்டி. அதற்கும் கோப்பை உண்டாம். வழி தவறுவதற்கு நாங்கள் காடு தேடிப் போகத் தேவையில்லை, ஷாத்லே மெட்ரோ நிலையம் போதும் என்றேன்.

இத்தனைக்கும் ஒரே கழகம். ஒரே நிறச் சட்டை. வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், அதில் மண்டபத்தை எவர் எப்போது எடுப்பது என்று ஒரு சண்டை, சண்டை முடிந்ததும் கோப்பியும் கறுவாப் பணிசும். எங்களிடம் என்றால்? அந்தச் சண்டையில் மூன்று கழகங்கள் பிறந்திருக்கும், மூன்றுக்கும் ஒரே ஊரின் பெயர் இருந்திருக்கும்.

"இனி என்ரை பங்கை வாசிச்சுப் பாருங்கோ" என்று தாள்களை நீட்டினார் யோகன்.

அழகாக எழுதியிருந்தார். கரப்பந்து என்றால் என்னவென்றே தெரியாத ஊருக்கு அந்த விளையாட்டு வந்த கதை. மண்டபத்தின் திறப்பைக் கையில் தந்த காவலாளியின் பெயர் இருந்தது. கிழிந்த வலையைத் தைத்துக் கொடுத்த ஆசிரியையின் பெயர் இருந்தது. பொஸ்னியாக்காரர், எரித்திரியாக்காரர், ஆலை எஞ்சினியர் என்று ஆட வந்த எல்லாரும் இருந்தார்கள். வந்த பந்தை ஒரே தட்டில் மறுபக்கம் அனுப்புகிற எங்கள் 'ஓவர்' ஆட்டத்தைச் சுவீடன்காரர் பழகிய கதையை வாசித்துச் சிரித்தேன். ஆனால் தொடக்கத்தில் மட்டும், 'ஒருவர் ஒரு பந்து கொண்டு வந்தார்' என்று இருந்தது.

"ஆர் யோகன் அந்த ஒருவர்?"

யோகன் வடையைப் பார்த்தார். வசந்திதான் பதில் சொன்னாள்.

"வேறை ஆர், இவர்தான். எத்தினை வருசமா ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கடை வீட்டிலை ஆம்பிளை இல்லை அக்கா. பனி கொட்டினாலும் போய் மண்டபத்தைத் திறக்கிறது இவர். மல்யுத்தக்காரர் வளத்த நாயின்ரை பேரும் அந்தப் புத்தகத்திலை வருகுது. இவற்றை பேர் இல்லை."

"ஏன் நீர் உம்மடை பேரைப் போடேல்லை?" என்று கேட்டேன்.

"என்னைப் பற்றி நானே எழுதிறதோ மச்சாள்? வெக்கமாக் கிடக்கு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் யோகன் செய்ததில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் சங்கங்கள் போடும் விழா மலர்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் தலைவர் செயலாளரைப் புகழ்வார். அடுத்த பக்கத்தில் செயலாளர் தலைவரைப் புகழ்வார். பொருளாளர் இருவரையும் புகழ்வார். தன்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுத மாட்டார், ஆனால் ஒருவர் பெயரும் விடுபடாது. அந்த நம்பிக்கையில், கழகத் தலைவர் லென்னார்ட் முன்னுரையில் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதுவார் என்று யோகன் காத்திருந்திருக்கிறார். முன்னுரை போன வாரம் வந்ததாம். ஏரி இருந்தது, ஆலை இருந்தது, யோகன் இல்லை.

"லென்னார்ட்டோடை கோவமோ?"

"சீ... கோவமில்லை. அவர் தங்கமான மனிசன்." தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "ஆனா ஒரு வரி வந்தாச் சந்தோசம்தான் மச்சாள். அந்தப் புத்தகம் ஊர் நூலகத்திலை இருக்கும். என்ரை பிள்ளையளின்ரை பிள்ளையள் எடுத்துப் பாப்பினம். நாங்களும் இஞ்சை ஏதோ செய்தனாங்கள் எண்டு தெரியட்டும் எண்டு ஒரு ஆசை."

பேனாவை எடுத்தேன். 'நான் எழுதித் தாறன், என்ரை பேரிலையே போடும்' என்றேன்.

எழுதத் தொடங்கியதும்தான் தெரிந்தது, என் கையும் எங்கள் மலர்களில் பழகிய கை என்று. 'ஈழத்தாய் ஈன்றெடுத்த கரப்பந்துக் காளை' என்று ஆரம்பித்திருந்தேன்.

யோகன் காது வரை சிவந்தார். "மச்சாள், இதைச் சுவீடிஷிலை மாத்தினா மாடு எண்டுதான் வரும்."

காளையை வெட்டினோம். 'தன்னலமற்ற'வை வெட்டினோம். 'தூண்' எழுதி அதையும் வெட்டினோம். ஒவ்வொரு சொல் போகும்போதும் வசந்தி 'அது கிடக்கட்டுமே' என்றாள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: எங்கள் மண்டபத்துக்கு முதல் கரப்பந்தைக் கொண்டு வந்தவர் யோகன். இன்றும் ஞாயிறு காலையில் கதவைத் திறப்பவர் அவரே. இப்படிக்கு, அவருடைய மச்சாள், பாரிஸ்.

இதற்கும் தலைவரின் சம்மதம் வேண்டும் என்று யோகன் அடம்பிடித்தார். தேத்தண்ணிக் கடையில் இருந்தபடியே லென்னார்ட்டுக்கு போன் எடுத்து, சுவீடிஷில் இரண்டு வரியையும் சொன்னார். அந்தப் பக்கம் நீண்ட மௌனம். சுவீடன்காரர் யோசிக்கும்போது அப்படித்தானாம். நான் லைன் வெட்டுப்பட்டது என்று நினைத்தேன். பிறகு லென்னார்ட் பேசப் பேச, யோகன் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"எல்லாரும் கவனிச்சவையாம். நான் என்ரை பேரைப் போடாதபடியா, எனக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சினமாம். கேட்டா நான் சங்கடப்படுவன் எண்டு பேசாமல் விட்டவையாம். இந்த ரெண்டு வரி வந்ததிலை ஆளுக்குச் சரியான சந்தோசம்."

பார்த்தீர்களா? அடுத்தவர் எழுதட்டும் என்று காத்திருந்தவர் எங்கள் ஆள். அவரே எழுதட்டும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. இடையில் ஒரு மனிதர்தான் வரலாற்றிலிருந்து காணாமல் போகப் பார்த்தார்.

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வடை எடுத்தாள். ஆனால் யோகன் போனை வைக்கவில்லை. லென்னார்ட் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், குரலைத் தாழ்த்தி. யோகனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"என்னவாம்?"

"காட்டுக்குள்ளை பனிச்சறுக்குப் பாதை நெடுக விளக்குக் கம்பம் நட்டது லென்னார்ட்தான் மச்சாள். இருட்டுக் காலத்திலை ஊரே அந்த வெளிச்சத்திலைதான் சறுக்குது. பனிச்சறுக்குப் பக்கத்தை எழுதினது அவர். அதிலை விளக்குக் கதையையே விட்டிட்டார். தன்னைப் பற்றித் தானே என்னெண்டு எழுதிறது எண்டு கேக்கிறார்." போனைக் கையால் பொத்திக்கொண்டார். "உங்கடை மச்சாள் தனக்கும் ரெண்டு வரி எழுதித் தருவாவோ எண்டு கேக்கிறார்."

பனிச்சறுக்குக் கட்டையைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காதவள் நான். லென்னார்ட்டை இன்றுவரை கண்டதில்லை. ஆனாலும் எழுதினேன். பட்ட பாட்டில் கொஞ்சம் புத்தி வந்திருந்ததால் காளை, தூண், தாரகை ஒன்றும் இல்லாமல், நட்டார், வெளிச்சம் வந்தது என்று நறுக்கென்று இரண்டு வரி. யோகனிடம் நீட்டினேன்.

அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். முகம் சுளித்துத் தாளைத் திருப்பித் தந்தார்.

"இது காணாது மச்சாள். இன்னும் கொஞ்சம் தூக்கி எழுதுங்கோ. லென்னார்ட் எங்கடை ஆள்."