குதிரை வராது என்று சொன்னவள்

"ஒரு குழந்தைக்கும் இல்லை என்று சொல்லாதவர் கெசினே" என்று மேயர் ஒட்மார் லூரிங் நேற்று கல்லறையில் பேசினார். அவர் கொண்டுவந்த மலர்வளையத்தின் நாடாவிலும் அதையே பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தார். என் மனைவியைப் பற்றி இதைவிடப் பெரிய பொய்யைச் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்வதுதான் அவள் செய்த வேலையே.

எங்கள் ஊர்ப் பெயரில் நிக்கோலாஸ் இருக்கிறார்; கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு அது இன்னொரு பெயர். அதனால் ஜெர்மனி முழுவதிலிருந்தும் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு இங்கே எழுதுகிறார்கள். தீயணைப்பு நிலையத்து மாடியில் நீள மேசை போட்டு உட்கார்ந்து, தாத்தா பெயரில் நாங்கள் பதில் எழுதுகிறோம். சம்பளம் கிடையாது, காபியும் பிஸ்கட்டும் உண்டு. பிஸ்கட்டுக்காகவே வருகிறவர்களும் உண்டு.

கெசினே இறைச்சிக்கடையில் வேலை பார்த்தவள். கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். மற்றவர்கள் எழுதிய பதில்களைத் தற்செயலாகப் படித்த பிறகுதான் அந்த மேசைக்கு வந்தாள்.

"நல்ல பிள்ளையா இரு, எல்லாம் கிடைக்கும்னு எழுதியிருக்காங்க. எங்க கடையில கொழுப்பை இறைச்சின்னு விக்கிறவன்கூட இவ்வளவு புளுக மாட்டான்."

கேட்ட பொருளைத் தருவதாக அவள் ஒருநாளும் எழுதியதில்லை. கடிதத்தில் குழந்தை வேறு என்ன சொல்லியிருக்கிறது என்று தேடுவாள். முயலுக்குக் காலில் அடி என்று இருந்தால், எந்தக் கால், இப்போது ஓடுகிறதா என்று கேட்டு எழுதுவாள்.

ஒரு டிசம்பரில் மேயர், தலையில் சிவப்புத் தொப்பியும் கூடவே ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரருமாக வந்தார். தடித்த சிவப்புப் பேனாவை எடுத்தார். காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே ஒரு கடிதத்துக்கு, 'கேட்டது கண்டிப்பாக வரும்' என்று எழுதி உறையை ஒட்டினார். கேட்டது என்ன என்று அவர் படிக்கவில்லை. படம் நன்றாக வந்தது.

கேட்டது குதிரைக்குட்டி. கேட்டவள் பக்கத்து ஊர் யெட்டே. பண்டிகை நெருங்கியபோது அவள் அம்மா அந்தப் பதிலோடு மாடியேறி வந்தாள்.

"ஏங்க, யாருங்க இதை எழுதினது? சைக்கிள் கொட்டகையைக் காலி பண்ணி வைக்கோல் பரப்பி வச்சிருக்கா. தனக்குக் குடுக்கிற ஆப்பிளைத் தின்னாம அதுக்குன்னு சேர்த்து வைக்கிறா. நாளன்னிக்குப் பண்டிகை. குதிரைக்கு நான் எங்கங்க போவேன்?"

கெசினே சிவப்பு மையைப் பார்த்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். கார் ஓட்ட ஆள் வேண்டுமே, நானும் போனேன்.

"குழந்தைதானே கெசினே, ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றார் மேயர்.

"உன்னை மாதிரின்னு நினைச்சியா? ஓட்டுக் கேட்டப்போ சொன்னதை எல்லாம் நீ மறக்கிறே. அவ மறக்க மாட்டா. ஏறுடா கார்ல."

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் ஏறினார்.

யெட்டே கொட்டகை வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"இவர் தாத்தாகிட்ட வேலை பார்க்கிறவர்மா. உன் கடுதாசியைப் படிக்காமயே பதில் எழுதிட்டார். குதிரை வராது" என்றாள் கெசினே. அதில் சர்க்கரை தடவ ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

சிறுமி அழுதாள். கெசினே அவளைத் தேற்றவில்லை, அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். யெட்டே மூக்கைத் துடைத்துக்கொண்டு மேயரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும்மா, அது வந்து..."

"அப்போ வைக்கோலை நீங்களே அள்ளுங்க."

விலையுயர்ந்த கம்பளிக் கோட்டோடு மேயர் குனிந்து அள்ளினார். கெசினே ஒரு கை கொடுக்கவில்லை. "அதுக்கு என்ன பேரு வச்சிருந்தே?" என்று மட்டும் சிறுமியிடம் கேட்டாள். வராத குதிரையைப் பற்றி இருவரும் ஆப்பிள் தின்றபடி இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நேற்றைய உரையில் வைக்கோல் இடம்பெறவில்லை. அடக்கம் முடிந்து காபிக்கு உட்கார்ந்தபோது மேயர் வெண்ணெய்க் கேக்கில் இன்னொரு துண்டை எடுத்து, "அருமையான மனுஷி" என்று வாய் நிறையக் கேக்கோடு சொன்னார். யெட்டேயும் வந்திருந்தாள். இப்போது ரயில் ஓட்டுகிறாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நாடாவை அங்கேயே விட்டு வைக்கப் போறீங்களா?"

இன்று சாயங்காலம் கத்திரிக்கோலோடு கல்லறைக்குப் போனேன். வளையத்தில் குற்றமில்லை, அதை விட்டுவிட்டேன். நாடாவை மட்டும் வெட்டி, உறையில் போட்டு, மேயர் வீட்டுத் தபால்பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தேன். இந்த முறையாவது படிக்கட்டும்.