பெட்டிக்குள் விழாத என் முதல் ஓட்டு

நான் ரங்கூனில் பிறந்தவள். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். கப்பலேறி வந்து காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குடியேறினால், தெருவில் எனக்குப் பெயர் பர்மாக்காரி. ஓட்டுப் போட்டுவிட்டால் நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிடலாம் என்று, இங்கே வந்தபின் வரும் முதல் தேர்தலுக்காக ஏங்கிக் காத்திருந்தேன்.

கூட்டம் குறையட்டும் என்று, சமையலை முடித்துவிட்டு மத்தியானம்தான் கணவரோடு ஓட்டுச்சாவடிக்குப் போனேன். "உங்க ஓட்ட யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்களேம்மா" என்றார் அங்கிருந்த ஊழியர்.

"ஒரு ஓட்டுல இன்னா ஆவப்போவுது, வா போலாம்" என்றார் கணவர். எனக்குக் கால் நகரவில்லை. விரலை நீட்டி, "மை இருக்குதா பாருங்க சார்" என்றேன்.

தேர்தல் அதிகாரி தயங்கினார். "இவங்க யாருன்னு சொல்ல, வீட்டுக்காரரத் தவிர வேற ஆள் இருக்குதா?"

வரிசையில் நின்றிருந்த எதிர்வீட்டு அம்மாள், என்னோடு அதிகம் பேசாதவர், முன்னால் வந்தார். "எங்க தெருப் பொண்ணுதான் சார், எனக்குத் தெரியும்."

அதிகாரி தனியாக ஓர் ஓட்டுச்சீட்டுக் கொடுத்தார். ஆசையோடு முத்திரை குத்தினேன். ஆனால் அதை அவர் பெட்டியில் போட விடவில்லை. ஓர் உறையில் வைத்துக்கொண்டார். வழக்கு ஏதும் வந்தால்தான் அதைப் பிரிப்பார்களாம்.

இப்போதெல்லாம் தேர்தலன்று அடுப்பு மூட்டும் முன்பே, அந்த அம்மாளையும் அழைத்துக்கொண்டு சாவடிக்குப் போய்விடுகிறேன். சீட்டு பெட்டிக்குள் விழுந்த பிறகும் உடனே நகர மனம் வருவதில்லை. யாரும் எண்ணாத அந்த முதல் ஓட்டை நினைத்துக்கொள்வேன்.