சிவப்பு பஸ்ஸில் மாப்பிள்ளை பார்த்த கதை

பஸ் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். அதிர்ச்சி வந்ததில்லை. மும்பை தாராவிக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பஸ் வரிசையில் நின்று நின்று காலும் மனசும் மரத்துப்போனவள் நான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் அதே வரிசையில் வைத்து எனக்கு ஒரு அடி விழுந்தது.

முதலில் மாப்பிள்ளை கிடைத்ததைச் சொல்ல வேண்டும். செம்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. வேலை என்றால் காண்ட்ராக்ட் வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் ஏஜென்சிக்காரன் மனசு வைத்தால் ஆஸ்பத்திரியில் இருப்பேன், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பேன். என் கணவர் தோல் பட்டறையில் பை தைக்கிறவர். ஆர்டர் இல்லையென்றால் அவரும் வீட்டில்தான். இப்படி இரண்டு பேரும் மாறி மாறிப் பயந்தே பிழைப்பை ஓட்டிவிட்டோம். அதனால் மகளுக்குப் பார்க்கும்போது எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. மாப்பிள்ளை பர்மனென்டாக இருக்க வேண்டும். கறுப்போ சிவப்போ, குட்டையோ நெட்டையோ, எனக்குக் கவலையில்லை.

மும்பையை ஒட்டிய கல்யாண் ஊரில் குடியிருக்கும் தூரத்துச் சொந்தத்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. பையன் சிவப்பு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்கு அது போதும். இந்த ஊரில் சிவப்பு பஸ் என்றால் கவர்மென்ட் பஸ், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவன் அம்மாவிடம் போனில், "வேலை பர்மனென்டுதானே மயினி?" என்று கேட்டேன்.

"அஞ்சு வருசமா ஒரே ரூட்டுலதான் ஓட்டுதான் மயினி" என்றாள் அவள்.

நான் கேட்டது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் கேசரி தின்றுவிட்டு வருவார்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் அவன் பஸ்ஸில் ஏறினேன். அவன் ஓட்டுவது நான் வேலைக்குப் போகும் ரூட்தான். அதற்கு முன்னால் எத்தனையோ நாள் அவன் வண்டியில் போயிருப்பேன், டிரைவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அன்று முன் சீட்டைப் பிடித்து உட்கார்ந்து அவனை மட்டுமே பார்த்தேன். வாயில் குட்கா இல்லை. குறுக்கே பைக்கில் பாய்ந்தவனுடைய அம்மா அக்காவை இழுத்துத் திட்டவில்லை. சயான் ஸ்டாப்பில் சேலை தடுக்கத் தடுக்க ஓடிவந்த ஒருத்திக்காக, பின்னால் நின்ற வண்டியெல்லாம் ஹார்ன் அடிக்க, பொறுமையாக நின்றான். செம்பூரில் இறங்கும்போதே என் மனசுக்குள் தாலி கட்டியாயிற்று. அடுத்த மாதமே நிச்சயம் முடித்தோம். அவன் 'அவர்' ஆனார்.

அந்தக் காலையில் வரிசை கடைவாசலைத் தாண்டி நீண்டுகிடந்தது. பஸ்ஸே வரவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் பக்கத்துத் தமிழ் பாய், பெல்ட் கடை வைத்திருப்பவர். அவர்தான் சொன்னார், டிரைவர்களெல்லாம் ஸ்டிரைக் என்று.

"காண்ட்ராக்ட் டிரைவருங்களா இருக்கும் பாய். எங்க மாப்பிள்ளை கவர்மென்டு டிரைவரு. அவரு வண்டி வந்துரும், நில்லுங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை. பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"எந்த ரூட்டு ஓட்டுதாவ அக்கா?"

"இதே ரூட்டுதான்."

பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இந்த ரூட்டு பூரா வாடகை வண்டில்லா? வண்டி கம்பெனிக்காரனுக்கு. டிரைவரும் அவன் ஆளுதான். கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கவர்மென்டுல அவனுக்குக் குடுக்காங்க. கட்டுபடியாகலன்னு அவன் சம்பளத்த நிப்பாட்டிட்டான். பஸ்ஸுக்குக் குடுக்க காசு இல்லன்னு மேல உள்ளவன் கைய விரிக்கான். கதவுப் பக்கம் கம்பெனி பேரு எழுதியிருக்குமே, பாத்ததில்லையா?"

கதவுப் பக்கம் எழுதியிருக்கிறதாம். தினமும் நான் கம்பியைப் பிடித்து ஏறுகிற கதவு! பையனின் வாயைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், பிரேக் போடுகிற பக்குவத்தைப் பார்த்தேன். எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக நம்ம பஸ், நம்ம பஸ் என்று நான் உரிமையோடு திட்டிக்கொண்டிருந்தது நம்ம பஸ்ஸே இல்லையாம். வண்டி கம்பெனிக்காரனுடையது, அதை ஓட்டுகிறவர் என்னைப் போலவே ஒரு காண்ட்ராக்ட் ஆள். எந்தக் குழியில் நான் விழுந்தேனோ அதே குழிக்குள் என் மகளையும் நானே தள்ளப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். மகள் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மாப்பிள்ளை காண்ட்ராக்டாம். ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாள் போன்ல பேசும்போதே எங்கிட்ட சொல்லிட்டாவ. ஒனக்கும் மாலூம்னுல்லா நெனச்சேன்."

இது இரண்டாவது அடி. நேரே போய் பீரோவைத் திறந்து, மாப்பிள்ளை வீட்டார் வைத்துக் கொடுத்த நிச்சயப் புடவையை எடுத்து ஒரு கவரில் போட்டேன். புடவை திரும்பிப் போனால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும். "நிறுத்தணும்னா நீயே போய் நிறுத்து. என் வாயால சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்டிரைக் நாளில் மாப்பிள்ளை பஸ் டிப்போ வாசலில்தான் இருப்பார் என்று ரயிலில் செம்பூர் போய் இறங்கினேன். அங்கிருந்து டிப்போ தூரம். ஸ்டிரைக் நாள் என்பதால் ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். கோபத்தில் நடக்கத் தொடங்கினேன். ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தது. நன்றாக இருந்த ரோட்டைக் கொத்திவிட்டுக் காங்கிரீட் ஊற்றுகிறார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை, பஸ் ஓடாத ரோட்டுக்குக் காசு இருக்கிறது. தகரத் தடுப்புகளுக்கும் சாக்கடைக்கும் நடுவே புழுதியைத் தின்றுகொண்டு நடந்தேன். வாயில் வந்த வசவையெல்லாம் மாப்பிள்ளையிடம் கொட்டுவதற்காகச் சேர்த்து வைத்துக்கொண்டே போனேன்.

டிப்போ கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். உள்ளே வரிசையாகச் சிவப்பு பஸ்கள். கதவுப் பக்கத்தில் கம்பெனிப் பெயர், சின்ன எழுத்துதான், ஆனால் ரோட்டில் நின்றே படிக்க முடிந்தது. வெளியே தரையில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் பதறி எழுந்து வந்தார்.

"அத்தை! பஸ் இல்லியே, எப்படி வந்திய?"

"நடந்துதான்."

அவர் என் காலைப் பார்த்தார். முட்டு வரைக்கும் சிமென்ட் தூசி. "மன்னிச்சிருங்க அத்தை" என்றார். "எங்களால நீங்க இந்த வெயில்ல நடக்க வேண்டியதாப் போச்சு."

வேலையைப் பற்றி மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். இவர் பஸ் வராததற்குக் கேட்கிறார். அந்த வரிசையில் நான் நின்ற இத்தனை வருஷத்தில் என்னிடம் அதற்காக மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் இவர்தான். சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"காண்ட்ராக்ட்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கு வண்டியில ஏறி முன்னால இருந்தீங்கல்லா, கண்ணாடியில பாத்தேன். உங்க போட்டோவ அம்மா காட்டியிருந்தா. எல்லாத்தையும் பாத்துட்டுதான் சரின்னு சொல்லுதீங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவர் கண் என் கையிலிருந்த கவர் மேல் விழுந்தது. மெல்லிய கவர், உள்ளே இருந்த சரிகை அப்படியே தெரிந்தது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "அம்மாட்ட நானே சொல்லிருதேன் அத்தை. நீங்க போன் பண்ணிச் சங்கடப்பட வேண்டாம்" என்றார்.

"என்ன சொல்லப் போறீங்க? செம்பூர்ல புடவைக்கு ஃபால் தைக்கக் குடுக்கணும்னு எடுத்துட்டு வந்தேன். அதுக்கு எதுக்கு அம்மாட்ட சொல்லணும்?"

என் வாய்தான் சொன்னது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவர் கவரை வாங்கிக்கொண்டு மார்க்கெட் வரைக்கும் என்னோடு நடந்தார். தையல்காரர் புடவையை விரித்து ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஆண்ட்டி, இஸ்மே ஃபால் ஹை நா" என்றார். புடவை ஓரத்தில் ஃபால் துணி ஏற்கெனவே இருக்கத்தான் செய்தது. நிச்சயத்தன்று மகள் கட்டிய புடவையாயிற்றே.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தையல்காரரைப் பார்த்து, "இருந்தா இருக்கட்டும், இன்னொரு தடவ தையும்" என்றேன். அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதை மாப்பிள்ளைதான் ஹிந்தியில் அவருக்கு எடுத்துச் சொன்னார்.