கிசுகிசுக்கக் கூடாத இடம்

திருச்சியில் காவிரிப் பக்கமாக ஒரு விஞ்ஞானப் பொருட்காட்சி சாலை இருக்கிறது. குடும்பத்தோடு பார்க்கலாம் என்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு குடும்பமாகப் பார்த்தோம்!

என் மாமனாருக்குச் செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அவருக்கு எதற்குத் திடீரென்று விஞ்ஞானம்? எல்லாம் என் மைத்துனி சரோஜாவுக்காக. நல்ல பெண். நல்ல உயரம். அந்த உயரம்தான் சங்கடம். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி தீரும்வரை சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவள் எழுந்து நின்றதும்... "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்." யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

இந்தத் தடவை திருச்சி வரன். பையன் எஞ்சினீயர். தற்செயலாகச் சந்தித்த மாதிரி பொருட்காட்சியிலேயே பார்த்துவிடலாம் என்று அவன்தான் சொன்னானாம். மாமனாருக்கு ஏகக் குஷி. மெஷினைப் பார்க்க எல்லோரும் குனிவார்கள் — அதோடு அதாக இவளும் குனிந்தால் போயிற்று!

சரோஜாவும் குனிந்தாள். நீராவி எஞ்சினைக் குனிந்து பார்த்தாள். சூரிய மண்டலம் தலைக்கு மேலே தொங்கியது. அதையும் குனிந்தேதான் பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

பையனும் அவன் அம்மாவும் ஹாலின் அந்தக் கோடியில். நாங்கள் இந்தக் கோடியில். நடுவில் கூட்டம். சுவரோரம் ஆளுயரத்துக்கு ஒரு வளைந்த தகடு நிறுத்தியிருந்தது. ரகசியம் பேச வசதியான மூலை என்று மாமியார் அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"அவள இன்னும் கொஞ்சம் குனியச் சொல்லுடி. நிமிர்ந்தா பையன விட ஒசரம்னு தெரிஞ்சுடும். தாலி ஏறுற வரைக்கும் இப்டியே ஓட்டிடலாம்."

தகடு ஒரு பெண் குரலில் பதில் பேசியது!

"டேய், ஷூவ மட்டும் கழட்டிப்புடாத. ஒசரத்துக்கு உள்ள அட்டை வச்சிருக்கறது தெரிஞ்சுபோகும்."

மாமியார் "முருகா!" என்று அலறினார். கைடு ஓடி வந்தார். அந்தக் கோடியிலும் இதே மாதிரி ஒரு தகடாம். இங்கே கிசுகிசுத்தால் அங்கே கேட்குமாம், அங்கே கிசுகிசுத்தால் இங்கே. "பிரமாதமா செஞ்சு காட்டிட்டீங்கம்மா!" என்று பாராட்டு வேறு.

"இன்னாடி இது, காரியத்தையே கெடுத்துட்டியே!" என்றார் மாமனார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சரோஜா நிமிர்ந்தாள். நேரே தகட்டின் முன்னால் போய் நின்றாள்.

"நான் இவ்ளோ ஒசரம்தாங்க. கழுத்து வலிக்குது. இனிமே குனிய மாட்டேன்."

மாமனார் தலையில் கையை வைத்துக்கொண்டார். போச்சு, இந்த வரனும் போச்சு...

பிறகு ஓர் ஆண் குரல். "எனக்கும் கால் கடிக்குதுங்க. ஷூவக் கழட்டிடட்டுமா?"

சரோஜா வாய்விட்டுச் சிரித்தாள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பையன் கூட்டத்தை விலக்கி வந்தான். அவள் காது வரைதான் இருந்தான். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

கல்யாணப் பேச்சில் நாம் உரக்கச் சொல்வதை எவன் நம்புகிறான்? கிசுகிசுப்பதுதான் நிஜம். அதைச் சம்பந்தி காதில் போட ஒரு தகடு வேண்டியிருக்கிறது!

தை மாதம் முகூர்த்தம். ஜோடிப் பொருத்தத்தை நினைத்து மாமனாருக்கு இன்னும் கவலைதான். நான் தைரியம் சொல்லியிருக்கிறேன்... தாலி கட்டுவது உட்கார்ந்துகொண்டுதானே!