அல்பேட் அண்ணையின் கிடாரம்

கிளிபோட் யாரென்று கனடாவில், ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கடை வாசலிலும் கேட்டுப் பாருங்கள். "அல்பேட் அண்ணையின்ர தம்பிதானே" என்பார்கள். ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. சொந்த வீடு, தாதிப் படிப்புப் படிக்கும் மகள், முப்பது வருட வேலை எல்லாம் இருக்கின்றன. இருந்தும் அவன் பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

அல்பேட்டை எல்லோருக்கும் தெரியும். தெரியாமலிருக்க அவர் விடமாட்டார். வீடு விற்றுக் கொடுப்பது அவர் தொழில். பஸ் தரிப்பிடத்தில் சனம் இருக்கிற வாங்குகளில், விளம்பரப் படத்தில், அவருடைய முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். சனங்கள் அந்த முகத்தில் முதுகைச் சாய்த்து பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பார்க்கக் கிளிபோட்டுக்கு ஒரு தனிச் சந்தோசம். அதை மனைவி றெபேக்காவிடம்கூட அவன் சொன்னதில்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம் மெல்லிய சேட்டோடு வந்து இறங்கிய தம்பியை, விமான நிலையத்தில் ஒரு கோட்டோடு காத்திருந்து பார்க்டேல் அறைக்குக் கூட்டிப் போனவர் அல்பேட். கோட்டை அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டார். கதையை மட்டும் இன்றுவரை கழற்றவில்லை. முதல் வேலை அவர் பிடித்துக் கொடுத்தது, பெண் அவர் பார்த்தது, வீடு அவர் காட்டியது. தம்பியின் வீட்டுக் கதவுக்கு என்ன நிறம் என்பதையும் அவர்தான் சொன்னார். கிளிபோட்டுக்குப் பச்சை பிடிக்கும். கதவு இப்போதும் மண்ணிறத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஆவணியிலும் வடக்கே இருக்கும் மாதா திருத்தலத்துக்கு யாத்திரை போவார்கள். அல்பேட்டின் வான் வண்டியில்தான் போக வேண்டும். முன்னுக்கு அவரும் மனைவி அன்ரனெற்றும், நடுவில் அவருடைய பிள்ளைகள், கடைசி வரிசையில் ஐஸ் பெட்டிக்கு மேல் காலை மடக்கிக்கொண்டு கிளிபோட் குடும்பம். செபமாலையை எங்கே தொடங்குவது என்றும், வழியில் எங்கே ஒன்றுக்குப் போவது என்றும் அல்பேட்தான் தீர்மானிப்பார். போன வருடம் றெபேக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். "அடுத்த ஸ்டொப்பில பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவர் ஓட்டிக்கொண்டே போனார். அன்று றெபேக்கா பட்ட பாட்டைக் கிளிபோட்டால் மறக்க முடியவில்லை. அந்த வானில் இனி ஏறுவதில்லை என்று அவன் அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்தான்.

அப்படித்தான், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற அந்தச் சின்ன ட்ரெயிலர் வந்தது. முட்டை மாதிரி உருண்டையான பெட்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பும் பலகையுமாக ஒரு குட்டிக் குசினி. அதை இழுக்க அவனிடம் பழைய ஸ்ரேஷன் வாகன் ஒன்று இருந்தது. நீளமான உடம்பு, கிழட்டுக் கார், ஆனால் இன்னும் சொல்வழி கேட்கும். ஒரு விருந்து மண்டபத்துக்குப் பின்னால் கார்கள் நிற்காத நேரம் பார்த்துப் போய், ஞாயிறு ஞாயிறாகப் பழகினான். பின்னுக்கு எடுக்கும்போது பெட்டி இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அது பிடிபடுவதற்குள் இரண்டு குப்பைத்தொட்டிகள் நெளிந்தன. தண்ணீர்க் கான்களை ஏற்றியும் ஓடிப் பார்த்தான். பாரம் முன்பக்கமாக இருந்தால் பெட்டி அடக்கமாக வந்தது. பாரம் பின்பக்கம் போனால் அலையத் தொடங்கியது. அதை அவன் நன்றாக மனதில் பதித்துக்கொண்டான்.

அல்பேட் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். காலால் ரயரை ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னடா இது, கோழிக்கூடே? உந்தக் கிழட்டுக் கார் இதை இழுத்துக் கிழிக்கப்போகுதோ?"

"இந்த முறை நாங்கள் இதில வாறம் அண்ணை."

"வானில இடமில்லை எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்கள் இதில வாறம்."

கிளிபோட் அவரோடு இவ்வளவு எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றிரவு அவனுக்கு நித்திரை வரவில்லை. பயமா சந்தோசமா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆனால் அல்பேட் விட்டுவிடுகிற ஆளா? இருதய ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். யாத்திரைக்கு வரும் சனத்துக்கு வருடாவருடம் மத்தியானச் சாப்பாடு. சமைப்பது அன்ரனெற், பரிமாறுவது றெபேக்கா, பாத்திரம் கழுவுவது கிளிபோட். பெயர் மட்டும் அல்பேட் அண்ணையின்ர சாப்பாடு. யாத்திரைக் காலை, புறப்படும் நேரம் பார்த்து, அவருடைய வான் கிளிபோட்டின் வாசலில் வந்து நின்றது. இரண்டு பெரிய கிடாரங்கள் இறங்கின, ஒன்றில் சோறு, மற்றதில் கோழிக்கறி. அவற்றுக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தல் கட்டுகள்.

"உன்ர பெட்டிக்க ஏத்து. என்ர வான் புதுசு, லெதர் சீற். கறி மணம் பிடிச்சா போகாது."

"அண்ணை, பின்னுக்கு இவ்வளவு பாரம் வைக்கேலாது. ஓடேக்க ஆடும். முன்னுக்கு, மெத்தைக்கு மேல வைப்பம்."

"மெத்தையில கறிச்சட்டி வைக்கிறதே? விசரே உனக்கு? பின்னால குசினி எண்டு என்னத்துக்குக் கட்டி வைச்சிருக்கிறான்? வை அங்க."

"ஆடும் அண்ணை."

"மாதாவின்ர சாப்பாடடா. ஒண்டும் ஆடாது. உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவனுக்கு ஒரு சட்டி ஏத்த மாட்டாய், என்ன?"

கோட்டுக் கதை வந்துவிட்டது. அதற்குமேல் கிளிபோட்டின் வாய் திறக்காது. அவனே கிடாரங்களைத் தூக்கிப் பின்குசினியில் வைத்தான். மூடியை அடித்துச் சாத்தினான். பெட்டியின் வாலில் பாரம் ஏறியதும் காரின் பின்பக்கம் பதிவதற்குப் பதிலாக மேலே எழும்பி நின்றது. அதைப் பார்த்தும் போய் ஓட்டும் சீற்றில் இருந்தான். றெபேக்கா பக்கத்தில் ஏறி பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

"உங்களுக்கு முதுகெலும்பு எண்டு ஒண்டு இருக்குதோ?" என்றாள்.

அவன் காரை எடுத்தான். மகள் ஷெரின் பின் சீற்றில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

நானூறாம் இலக்கப் பெருந்தெருவில் ஏறி, மற்ற வாகனங்களெல்லாம் முந்திப் போக, வலக்கரையோடு மெதுவாகப் போனான். மெதுவாகப் போகும்வரை பெட்டி பொறுத்துக்கொண்டது. பின்னால் வந்த வானிலிருந்து அல்பேட் போன் எடுத்தார். அவருடைய குரல் காருக்குள் ஸ்பீக்கரில் அதிர்ந்தது.

"என்னடா, பிரேத ஊர்வலமே போறாய்? பூசை தொடங்கப்போகுது. மிதி!"

"வேகம் கூடினா ஆடும் அண்ணை."

"சாட்டுச் சொல்லாத. அங்க சனம் பசியோட நிக்குது. மிதி எண்டுறன்!"

கிளிபோட் மிதித்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குத் தன்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. தெரிந்துகொண்டே மிதித்தான். மனைவியும் மகளும் காருக்குள் இருக்க, அண்ணன் சொன்ன ஒரே காரணத்துக்காக மிதித்தான்.

இறக்கத்தில் ஒரு பெரிய ட்ரக் அவர்களை முந்திக்கொண்டு போனது. அதன் காற்று அடித்ததும் பெட்டி ஒருமுறை விலகியது. திரும்பி வந்து மற்றப் பக்கம் விலகியது. பிறகு நிற்கவேயில்லை. யாரோ காரின் வாலைப் பிடித்து உலுப்புகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுதாகத் தெரிந்து மறைந்தது. ஷெரின் "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். றெபேக்கா மாதாவைக் கூப்பிட்டாள். கிளிபோட்டின் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. மிதித்தால் பெட்டி காரை மடக்கிப் போட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். காலைத் தூக்கி வெறுமனே பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராக இறுக்கினான். கார் தானாக வேகம் குறையும்வரை மூச்சு விடவில்லை. கடைசியில் ஆட்டம் தளர்ந்தது. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போய், அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு பெற்றோல் நிலையத்தின் புல்லோரத்தில் நிறுத்தினான்.

கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க முடியவில்லை. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஷெரின் பின்னாலிருந்து அழுதாள். றெபேக்கா திரும்பி மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வான் வந்து நின்றது. அல்பேட் இறங்கி ஓடி வந்தார். அவர் ஓடி வருவதைக் கண்டதும் கிளிபோட்டின் நெஞ்சு இளகியது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர், பயந்துபோனார் என்று நினைத்துக் கதவைத் திறந்தான்.

அல்பேட் அவனைத் தாண்டிப் போனார். காருக்குள் எட்டியும் பார்க்கவில்லை. நேரே ட்ரெயிலரின் பின்பக்கம் போய் மூடியைத் தூக்கினார்.

"கறி ஊத்துண்டு போச்சோ?" என்று கேட்டார்.

கிளிபோட் இறங்கினான். அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்று கிடாரத்தின் மூடியைத் தானே திறந்து பார்த்தான். இறுக்கிக் கட்டிய துணிக்குக் கீழே கறி தளும்பிக்கொண்டு முழுதாக இருந்தது.

"ஊத்துப்படேல்லை" என்றான்.

"மாதா காப்பாத்தினா. சரி சரி, மூடு. வெளிக்கிடு, நேரம் போகுது. இனி ஒழுங்கா ஓடு, ஓடத் தெரியாட்டி—"

"இறக்குங்கோ அண்ணை."

"என்ன?"

"சட்டியை இறக்குங்கோ எண்டுறன்."

அல்பேட் சிரித்தார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அவர் இறக்கவில்லை. அதனால் கிளிபோட்டே இறக்கினான். கிடாரத்தின் மற்றக் காதைப் பிடிக்க றெபேக்கா வந்தாள், அழுகையைத் துடைத்துக்கொண்டு ஷெரினும் வந்தாள். இரண்டு கிடாரங்களையும் புல்லில், புது வானின் கதவுக்கு நேரே வைத்தார்கள். தண்ணீர்க் கட்டுகளையும் அடுக்கினார்கள். வானுக்குள் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாதாவின்ர சாப்பாட்டை றோட்டில விடுறாய்!" அல்பேட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. "நன்றி கெட்ட நாயே! உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது ஆரடா? ஐஸ் குளிருக்க கோட்டோட வந்து நிண்டது ஆரடா?"

"நீங்கள்தான்" என்றான் கிளிபோட். "அந்தக் கோட்டை நீங்கள் அண்டைக்கே கழட்டிப்போட்டியள்."

காரில் ஏறி எடுத்தான். பாரம் இறங்கிய பெட்டி பின்னால் அடக்கமாக வந்தது. கண்ணாடியில், அன்ரனெற் தன் மடியில் பழந்துணி விரிக்க, இரண்டு பேர் கறிக்கிடாரத்தை லெதர் சீற்றுக்கு மேலாகத் தூக்கி உள்ளே கொடுப்பது தெரிந்தது. றெபேக்கா அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கணவனின் தொடையில் கையை வைத்தாள். அடுத்த ஸ்டொப்பில், அவள் கேட்காமலே, அவன் காரை நிறுத்தினான்.

சாப்பாடு பிந்தித்தான் திருத்தலம் போய்ச் சேர்ந்தது. கதை முந்தி ஸ்காபரோ போய்ச் சேர்ந்தது. தம்பிக்காரன் நேர்த்திச் சோற்றை நடுறோட்டில் கொட்டினான், அண்ணனை அடிக்கக் கை ஓங்கினான் என்று அல்பேட் வீடு வீடாகச் சொன்னார். சனமும் நம்பியது. கோயிலில் கிளிபோட் இருந்த வாங்கில் ஒருவரும் வந்து இருக்காமல் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. பூசை முடிந்து வாசலில் மரியோ என்ற கோயில் சபைக்காரர் அவனை மறித்தார். சமாதானம் செய்து வைக்கிற முகத்தோடு தோளில் கை போட்டார்.

"ஏன் தம்பி, அண்ணையிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சுபோவாய்? அந்தாள் எவ்வளவு மனம் நொந்துபோய் இருக்கிறார். சாப்பாட்டை றோட்டில இறக்கினது உண்மைதானே?"

கிளிபோட் தோளிலிருந்த கையை எடுத்து விட்டான்.

"ஓம், இறக்கினனான்" என்றான். "நாங்கள் மூண்டு பேரும் சாகப் பார்த்து வந்து நிக்க, அண்ணை கேட்டது கறி ஊத்துண்டு போச்சோ எண்டு. ஊத்துப்படேல்லை. அதுதான் அவரின்ர சாமானை அவரிட்டையே குடுத்தனான்."

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் வீட்டுக் கதவுக்குப் பச்சைப் பெயின்ற் வாங்கி வந்தான்.