கட்டுப்படியாகிற ஒரு கடற்கரை

போன வருடம் பொங்கல் வியாபாரம் முடிந்த மறுவாரம் நடந்தது இது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் என் கணவரும் அவருடைய அண்ணன்களும் சேர்ந்து செருப்புக் கடை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அந்த வாரம் கடையிலிருந்து என் கணவருக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கியது நான்தான்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால், நாலாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்துவிட்டது. வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆறுதல்தான் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உடும்மா, அல்லா வேற குடுப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்சம் அழலாம் என்று கதவைச் சாத்தினால் உடனே தட்டுவார்கள். என் கணவரோ அந்தப் பேச்சு எழுந்தாலே கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்குக் கடல் பார்க்க வேண்டும், அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"கல்வராயன் மலைக்குப் போலாமே. மேகம் ஃபால்ஸ்ல இல்லாத தண்ணியா?" என்றார். நான் முறைத்த முறைப்பில் கடலுக்கே ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு குறைந்த செலவில் ஊர் சுற்றும் பையன்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். தென்னை மரம், வெள்ளை மணல், ஓலைக் குடிசை, ஊஞ்சல், எல்லாமே கம்மி விலையில். "ரூம் புக் பண்ணிக்கினு போறவன் ஏமாளி. நேர்ல போய்க் கேட்டா பாதி விலைதான்" என்று எனக்குப் பாடம் வேறு. மலையேறுகிறவர்கள் மாட்டுகிற மாதிரி ஒரு பெரிய பை வாங்கி, அதற்குள் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். கடற்கரையில் எதற்கு இஸ்திரிப் பெட்டி என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார்.

விடிகாலையில் பஸ் ஏறினோம். எலவனாசூர்கோட்டை தாண்டுவதற்குள் அந்தப் பை எங்கள் இரண்டு பேர் மடியையும் அடைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் திட்டும் வாங்கித் தந்தது. பாண்டிச்சேரியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வீடியோவில் பார்த்த கடற்கரைக்குப் போனோம். ஓலைக் குடிசையும் ஊஞ்சலும் அப்படியே இருந்தன. வாடகையைக் கேட்டதும் நான் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

என் கணவர் அசரவில்லை. தன் கடையில் நடக்கிற வித்தையை அங்கே காட்டினார். பாதி விலைக்குக் கேட்டார். முடியாது என்றதும், "சரி, வர்றோம்" என்று மெதுவாக நடந்தார். எங்கள் கடைத்தெருவில் வாங்க வந்தவர் அப்படி நடந்தால், நாலாவது அடியில் கடைக்காரர் "வாங்க, வந்து கேளுங்க" என்று கூப்பிடுவார். இவரும் பையோடு ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, காதைப் பின்னால் விட்டுக்கொண்டே போனார். கேட் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றும் பார்த்தோம். வாடகை சொன்ன ஆள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா கம்மியா கெடைக்கும்" என்றார். தள்ளிப் போனோம். அங்கே வாடகை கம்மிதான், ஆனால் கடற்கரை இல்லை. மணலைக் கடல் அரித்துவிட்டதாம். வரிசையாகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். அங்கே இறங்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அதற்கும் தள்ளிப் போனோம். அங்கே கல்லூரிப் பையன்கள் பெரிய ஸ்பீக்கர் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் எனக்குக் குதிகால் வெடித்துவிடும் போல வலித்தது. செருப்புக் கடைக்காரர் பெண்டாட்டி தேய்ந்த செருப்போடு கடற்கரை கடற்கரையாக அலைகிறாளே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

பிற்பகலில் டவுன் பஸ் ஏறிப் போனதில், கடலூர் பக்கம் ஒரு மீனவர் குடும்பம் மாடியில் வாடகைக்கு விட்டிருந்த அறை கிடைத்தது. அவர்கள் சொன்ன வாடகையைக் கேட்டு இவரே பேரம் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான அறை. ஜன்னலைத் திறந்தால் கடல். ஆள் நடமாட்டம் இல்லை. நான் துப்பட்டாவைக் கழற்றி மடித்தும் வைத்துவிட்டேன். இவர் குளியலறைக் குழாயைத் திறந்து, வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "உப்புத் தண்ணி. வேணாம், கெளம்பு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "கடலோரத்துல உப்புத் தண்ணி வராம, மலை ஊத்தா வரும்? இன்னாங்க நெனச்சிக்கினு இருக்கீங்க?" என்று கத்தினேன். அந்த வீட்டு அம்மாவே சங்கடப்பட்டுப் போனார். இவர் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். தெருவில் அவர் பையை இறக்கி வைத்ததும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இனி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றேன். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, தன் மாமிக்கு, அதாவது அவருடைய அப்பாவின் தங்கைக்கு, போன் போட்டார்.

தெரிந்த முகமே வேண்டாம் என்றுதானே கிளம்பினேன்? அன்று சாயங்காலம் மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் கடலோர ஊர்தான். அலைச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. போய்ப் பார்க்கத்தான் விடவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான்: சொந்தக்காரர் ஊருக்கு வந்துவிட்டால் முதலில் சாப்பாடு, பிறகு பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு. மீன் குழம்பை ஊற்ற ஊற்ற, பெண்கள் ஒவ்வொருவராக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எது வரும் என்று பயந்தேனோ அது வந்தது.

"கல்யாணம் ஆயி மூணு வருசமாச்சே. விசேஷம் எதனா உண்டாம்மா?"

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இப்போது கை கழுவ எழுந்து ஓடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் எழுந்திருக்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல், "இருந்துச்சிங்க. நாலு மாசத்துல போய்ட்டுச்சி. எங்க மொத புள்ள அது" என்றார்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அதை ஒருவரும் பிள்ளை என்று சொன்னதில்லை. மாமி எழுந்து, வந்தவர்களைப் பேச்சுக் கொடுத்தபடியே வாசலுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

மறுநாள் விடிகாலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் அவரே என்னைக் கடலுக்குக் கூப்பிட்டார். தென்னை மரமும் இல்லை, ஊஞ்சலும் இல்லை. படகுகள், கருவாட்டு வாடை, படகு நிழலில் சுருண்டு கிடந்த நாய்கள், அவ்வளவுதான். மணலில் உட்கார்ந்தோம். அவர் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டே, "நேத்து அந்த ரூம்ல தண்ணி நல்லாத்தான் இருந்துச்சி" என்றார்.

"பின்ன ஏன் வேணான்னீங்க?"

"கதவச் சாத்திக்கினு உக்காந்தா நீ அழுவ. அப்ப நான் இன்னா சொல்றது? ஒண்ணும் தெரியல. அதான் இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளின்னு இழுத்துக்கினே போனேன்."

பகல் முழுவதும் வெயிலில் என்னை நடக்கவிட்டதற்குக் காரணம் இதுவா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. நன்றாகத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். மூன்று வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சத்தமாக அழுதார். வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அழ வேண்டும் என்று அவ்வளவு தூரம் வந்தவள் நான், ஆனால் அவர் முதுகைத் தடவிக்கொண்டு என் முறைக்குக் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம் நானும் அழுதேன். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

இப்போதும் அவர் ஏதாவது ஒரு காரியத்தைக் குறை சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டால் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. ஆனால் இவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் திட்டுகிறேன்.