கை சொன்ன சூடு

அந்தப் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவருக்கு இந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தது யார் என்பது இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. கொடுத்த காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். வண்டிக்கு அடியில் புகுந்து, இரும்பின் மேல் விரலை வைத்து எடுத்துவிட்டு, "எழுபத்தஞ்சு" என்பார். கருவியை வைத்துப் பார்த்தால் எழுபத்து நான்கு காட்டும். அந்த ஒரு டிகிரிக்கும் அவர் கருவியைத்தான் திட்டுவார்.

இருபத்தாறு வருடம் இப்படித்தான் ஓடியது. இன்ஜின் எவ்வளவு காய்ந்திருக்கிறது, பிரேக் எங்கே ஒட்டிக்கொண்டு சுடுகிறது, பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும், எல்லாம் அந்தக் கை சொல்லும். புது வண்டிகள் வந்தன, ஸ்கேனர் வந்தது, அதன் திரையில் எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள் வந்தன. டிகிரிக்கு அது ஒன்றும் பிடிபடவில்லை. முதலாளிக்கும் இது தெரியும். "ஸ்கேனர் பாக்கத் தெரியாத ஆளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது" என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம், "ஆனா கை இருக்கே" என்று யாராவது சொல்லிக் காப்பாற்றுவார்கள். ஆக, அந்த மனிதருக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்தது அவருடைய வலது கை மட்டும்தான்.

அந்தக் கைதான் ஆறேழு மாதமாகச் சரியில்லை.

முதலில் பாதம் மரத்தது. செருப்பு கழன்றதே தெரியாமல் பாதித் தெரு நடந்து வந்துவிட்டார்; பின்னால் வந்தவர்தான் எடுத்துக் கொடுத்தார். பிறகு விரல் நுனிகள். எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு துணி இருப்பதுபோல. சர்க்கரை அதிகம், நரம்பைத் தின்கிறது, மாத்திரையை விடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஒரு அட்டை தீரும்வரை டிகிரி விடவில்லை. தீர்ந்த பிறகு, நான் என்ன படுத்த படுக்கையாகவா கிடக்கிறேன் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. பட்டறையில் கேட்கவே வேண்டாம். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சொன்ன மறுநாள் காலை எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் அந்தக் கைக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. மருமகன் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனதால் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். இரவெல்லாம் பிள்ளை தூங்கவிடாது. விடிந்துதான் மகள் கண்ணை மூடுவாள். அதனால் காலையில் பேத்தி சிட்டுவைக் குளிப்பாட்டுவது தாத்தாவின் வேலை. கொதிக்கிற தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் விளாவி, விரலை விட்டுப் பார்த்து, அவரே தொட்டியில் உட்காரவைத்து ஊற்றுவார். "எங்கப்பா கை பட்ட தண்ணியை நான் தொட்டுக்கூடப் பாக்க மாட்டேன்" என்று மகள் பெருமையாகச் சொல்வாள். சிட்டுவோ முதல் சொம்பிலேயே வீட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாள். துண்டோடு வந்து வாங்கிக்கொள்ளும் பாட்டி, "அழுது அழுது உடம்பெல்லாம் செவந்து போச்சு பாரு" என்பாள். மகளும் சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் ஓடுகிறவள்தானாம். ரத்தம் பேசுகிறது என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மைத்துனனின் வேன் வந்தது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. மலைமேல் இருக்கும் தொழிற்சாலைக்குக் காலையும் மாலையும் ஆட்களை ஏற்றிப் போகிறவன். தானாகக் கியர் மாறுகிற வேன். அதை வாங்கிய நாளிலிருந்து அவனுக்குத் தரையில் கால் படவில்லை. இப்போது முகம் தொங்கிப் போயிருந்தது.

"மாமா, ஏத்தத்துல பாதி தூரம் போனதும் லைட் எரியுது. அப்புறம் ஒரே கியர்ல நின்னுக்குது. மாட்டுவண்டி மாதிரி உருட்டிக்கிட்டு வரேன்."

பட்டறையில் மின்சார வேலை பார்க்கும் பெண் ஸ்கேனரை மாட்டினாள். எப்போதும் இடுப்பில் மீட்டரோடு திரிவதால் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர். வேனை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து திரையைப் பார்த்தாள்.

"கியர்பாக்ஸ் ஆயில் நூத்தி இருபத்தேழு டிகிரின்னு காட்டுது அண்ணே. தொண்ணூறைத் தாண்டவே கூடாது. ஒண்ணு நெசமாவே கொதிக்கணும், இல்ல சூடு பாக்குற சென்சார் பொய் சொல்லணும்."

"சென்சாரா இருந்தா நல்லது" என்றான் மைத்துனன். யாருக்குத்தான் நல்லதில்லை?

"அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு" என்றாள் அவள். "ராத்திரி பூரா வண்டி இங்கயே நிக்கட்டும். காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாத்தா, இன்ஜின் சென்சாரும் இதுவும் ஒரே சூட்டைக் காட்டணும். இது மட்டும் தனியா எகிறிச்சுன்னா கெட்டுப் போச்சு. ஒத்துப்போச்சுன்னா ஆயில்லதான் கோளாறு."

"காலைல அஞ்சு மணிக்கு எனக்கு ஓட்டம் இருக்கே அக்கா."

எல்லோரும் டிகிரியைப் பார்த்தார்கள். பட்டறையின் லேசர் தெர்மாமீட்டர் கீழே விழுந்து கண் போய் ஒரு மாதமாயிற்று. டிகிரி இருக்கும்போது அதற்கு என்ன அவசரம் என்று முதலாளி சும்மா இருந்துவிட்டார். டிகிரி அட்டையை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தார். கியர்பாக்ஸின் அடித்தட்டில் இரண்டு விரலை வைத்தார்.

ஒன்றும் தெரியவில்லை.

அழுத்திப் பார்த்தார். எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஏதோ இருந்தது. வெதுவெதுப்பா? இருக்கலாம். நூற்று இருபத்தேழாக இருந்தால் விரல் தானாகத் துள்ளியிருக்காதா? துள்ளவில்லையே. வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையை அவர் இருபத்தாறு வருடமாகச் சொன்னதே இல்லை. நாக்கு அதற்குப் பழகவில்லை.

"மிஞ்சிப் போனா அறுபது" என்றார். "சென்சார் அவுட்டு."

மைத்துனன் முகத்தில் உயிர் வந்தது. புது சென்சார் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை ஓட வேண்டுமே. அதற்கும் டிகிரியிடம் வழி இருந்தது: சென்சாரின் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் போதும். ஆயில் எப்போதும் எண்பது டிகிரியிலேயே இருப்பதாக வண்டியின் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருக்கும். லைட் எரியாது.

"வேணாம் அண்ணே" என்றாள் மீட்டரக்கா. "அதை வெச்சுட்டா, நாளைக்கு நெசமாவே கொதிச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது."

"நான்தான் தொட்டுப் பாத்துட்டேனேம்மா."

அந்தப் பட்டறையில் இந்த வாக்கியத்துக்கு மேல் பேச்சு கிடையாது.  அன்று மாலை அவருடைய இரண்டு விரல் நுனியிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. என்ன இது என்று மனைவி கேட்டாள். பற்றவைக்கும்போது பட்டுவிட்டது என்றார். சொல்லி முடித்ததும் அவரே அதை நம்பிவிட்டார். மனிதனுக்கு இந்த வசதி மட்டும் இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைத்திருக்க மாட்டோம்.

மூன்றாம் நாள் காலை, பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போன வேன், புகையைக் கக்கிவிட்டு நின்றது. லைட் எரியவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கியர்பாக்ஸைப் பிரித்தபோது ஆயில் தார் மாதிரி வழிந்தது. உள்ளே தட்டுகள் எல்லாம் கருகியிருந்தன. ஆயிலை ஆறவைக்கும் குழாய் கீழே கல் அடித்து நசுங்கி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஆயில் ஆற இடமில்லாமல் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டு நாள் மைத்துனன் பட்டறையே கதி என்று கிடந்தான். சத்தம் போட்டிருந்தால் டிகிரிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் போடவில்லை.

"உங்க மேல என்ன மாமா தப்பு? நீங்க தொட்டப்ப அறுபதுதானே. அதுக்கப்புறம்தான் கல் அடிச்சிருக்கணும். என் நேரம்" என்றான். "இன்னைக்குக் காலைல வேற வேன் வந்து ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு."

தப்பிக்க வழி தானாகவே வந்து எதிரில் நின்றது. டிகிரி அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா மாப்ள. அப்படித்தான் இருக்கணும்" என்றார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மீட்டரக்கா பழைய சென்சாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். ஒரு தம்ளரில் ஐஸ் தண்ணீர். பக்கத்தில், டீ போடும் எவர்சில்வர் கெட்டிலில் கொதிக்கிற தண்ணீர். சென்சாரை முதலில் ஐஸில் விட்டு மீட்டரைப் பார்த்தாள்; பிறகு கொதிநீரில் விட்டுப் பார்த்தாள். புத்தகத்தைப் புரட்டி எண்களை ஒத்துப் பார்த்தாள். மறுபடி ஐஸ், மறுபடி கொதிநீர்.

"இது பொய் சொல்லல அண்ணே" என்றாள் மெதுவாக. "ரெண்டு தடவையும் புத்தகத்துல இருக்குறதையே காட்டுது."

"அன்னைக்குக் கெட்டிருக்கும், இன்னைக்குச் சரியாகியிருக்கும். இதெல்லாம் நடக்குறதுதான்" என்று டிகிரி சப்பைக்கட்டு கட்டினார். பேச்சு அதோடு முடிந்தது என்று காட்டுவதற்காக மேசையை ஒழிக்க ஆரம்பித்தார். தம்ளரை நகர்த்தினார். கெட்டிலைத் தூக்கினார். கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கெட்டிலின் வயிற்றையே உள்ளங்கையால் பிடித்துத் தூக்கி, நாலடி தள்ளியிருந்த தொட்டிவரை நடந்து, தண்ணீரை நிதானமாக ஊற்றினார்.

"மாமா! கை!"

எதற்குக் கத்துகிறான் என்று டிகிரிக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். மைத்துனன் பார்த்த இடத்தைப் பார்த்தார். உள்ளங்கை வெளுத்து, ஓரமெல்லாம் சிவந்து, தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மீட்டரக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் வைத்தாள். "எத்தனை நாளா அண்ணே?" என்று கேட்டாள். 

"அப்போ அன்னைக்கு..." என்று ஆரம்பித்த மைத்துனன் முடிக்கவில்லை.  கொஞ்ச நேரம் வேனைப் பார்த்தான், கொஞ்ச நேரம் அவர் கையைப் பார்த்தான். பிறகு வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்துவிட்டான்.

வேன் போயிற்று, மைத்துனன் போனான், இருபத்தாறு வருட வேலையும் போயிற்று. முதலாளிக்குச் சேதி எட்ட எத்தனை நேரம் ஆகும்? இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் டிகிரி ஈரத்துணியைச் சுற்றிய கையோடு வெயிலில் வீட்டுக்கு நடந்தார். தெருமுனைக் குழாயில் ஒரு பெண் வாளி பிடித்துக்கொண்டிருந்தாள். வாளியில் விழுந்த தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்குச் சிட்டுவின் நினைவு வந்தது. முதல் சொம்பு. ஒவ்வொரு நாளும் அந்த முதல் சொம்பு. அழுது சிவந்த உடம்பு. மற்றதெல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று. வீட்டை நோக்கி வேகமாக நடந்தார்.

வீட்டில் மகள் சிட்டுவைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்ததும் பதறினாள். அவர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரையை, மரத்ததை, கெட்டிலை. கடைசியில், "குளிக்கிற தண்ணியோட சூடும் எனக்குத் தெரியலம்மா. ரெண்டு மாசமாத் தெரியல" என்றார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இதை எதற்கு மறைத்தீர்கள், நாங்கள் எல்லாம் செத்தா போய்விட்டோம் என்று கேட்டாள்.  மகள், அவர் பக்கமாக இருந்த தோளிலிருந்து குழந்தையை எடுத்து, மறுபக்கத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் யோசித்துச் செய்யவில்லை. அவருக்கு அது தெரியும்.

மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளியலறைக்குள் மகளும் மனைவியும் இருந்தார்கள். "இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணி விடும்மா... போதும், போதும்" என்று மகள் சொல்வது கேட்டது.

அழுதுவிடு கண்ணு, என்று அவர் மனதுக்குள் கெஞ்சினார். ஒரே ஒரு தரம் அழுதுவிடு. எப்போதும்போல வீட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள். உனக்குக் குளிப்பதே பிடிக்காது என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் சொம்பு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. உள்ளே சிட்டு தண்ணீரைக் கையால் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிக்கும் சத்தம்.

மனைவி கதவைத் திறந்துகொண்டு, நனைந்த புடவையோடு, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு அழவே இல்லீங்க" என்றாள். அதற்குப் பிறகுதான், யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.